கீமோகைன் ஏற்பிகளுக்கு எந்த ஆன்டிபாடி? குளோன், சாயம், வெப்பநிலை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒப்பீடு

கீமோகைன் ஏற்பி என்பது, செல்களை நகர அழைக்கும் கீமோகைன் புரதங்களைப் பிடிக்கும் செல் மேற்பரப்புப் புரதம். சிசிஆர்7 அவற்றில் ஒன்று. ஒரே ஆளின் ரத்தம், சாயம் ஒட்டிய ஒரே சிசிஆர்7 ஆன்டிபாடி, செல்களின் சாய ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் ஒரே சைட்டோமீட்டர். ஒரு குழாயைப் பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைத்தால் டி செல்கள் மங்கலான ஒற்றை மேடாகத் தெரியும். இன்னொரு குழாயை 37 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் சிசிஆர்7 உள்ளவை ஒருபுறம், இல்லாதவை மறுபுறம் என்று பிரிந்து நிற்கும். முதல் குழாயை மட்டும் பார்த்தவர் குளோன், அதாவது ஒரே செல் வம்சத்திலிருந்து வரும் அந்தக் குறிப்பிட்ட ஆன்டிபாடி, சரியில்லை என்று முடிவு கட்டி வேறொன்றை வாங்கப் போவார். அதையும் பனிக்கட்டியில்தான் வைத்துப் பார்ப்பார்.

சிடி3, சிடி4, சிடி19 போன்ற, செல் வகையை அடையாளம் காட்டும் மேற்பரப்புக் குறிகளுக்கு ஆன்டிபாடி வாங்கும் பழக்கம் கீமோகைன் ஏற்பிகளிடம் செல்லாது. அந்தச் சிடி குறிகளில் எந்தக் குளோனை எடுத்தாலும், எந்தச் சாயத்தில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். இங்கே குளோன், ஒட்டியிருக்கும் சாயம், சாயமேற்றும் வெப்பநிலை, செல்கள் வந்த வழி ஆகிய நான்கும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. ஒன்றைத் தனியே தேர்ந்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

காரணம் ஏற்பியின் உடலமைப்பில் இருக்கிறது. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் புரதம் இது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது குட்டையான அமினோ முனையும் (புரதச் சங்கிலியின் தொடக்க நுனி) மூன்று வளையங்களும் மட்டுமே. ஆன்டிபாடி பிடித்துக்கொள்ள இடம் அவ்வளவுதான். அந்த வளையங்களின் வடிவம் டைசல்ஃபைடு பிணைப்புகளாலும் சவ்வுக்குள் இருக்கும் பகுதி மடங்கியிருக்கும் விதத்தாலும் நிலைக்கிறது. அமினோ முனையில் உள்ள டைரோசின்களில் சல்ஃபேட் ஏறியிருக்கும். சிசிஆர்5-இல் இது 1999-இல் காட்டப்பட்டது. ஆகவே பெப்டைடு துண்டைச் செலுத்தி உருவாக்கிய ஆன்டிபாடி வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தை விரித்து ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) அழகான பட்டை காட்டிவிட்டு, உயிருள்ள செல்லில் ஒன்றுமே காட்டாமல் போவது இயல்பு. ஏற்பியை மேற்பரப்பில் ஏராளமாக வெளிப்படுத்தும்படி மாற்றிய செல்களையே எலிக்குச் செலுத்தி எடுத்த குளோன்கள்தாம் பெரும்பாலும் நம்பத்தக்கவை. தரவுத்தாளில் இம்யூனோஜன் (ஆன்டிபாடியை உருவாக்க விலங்குக்குச் செலுத்திய பொருள்) என்ற வரியை முதலில் படிக்கச் சொல்வது இதனால்தான்.

எந்த வகை ஆன்டிபாடி

பாலிகுளோனலை, அதாவது பல ஆன்டிபாடிகள் சேர்ந்த கலவையை, ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (சைட்டோமீட்டரில் செல்களை அளப்பதற்கு) எடுக்க வேண்டாம். இந்த ஏற்பிகளுக்குள் வரிசை ஒற்றுமை அதிகம். சிசிஆர்2-உம் சிசிஆர்5-உம் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு எடுத்த பாலிகுளோனல் மற்றதையும் தொடாது என்று உறுதி சொல்ல முடியாது. தயாரிப்புத் தொகுதி மாறினால் எல்லாம் மாறும்.

மீதி இருப்பவை ஹைப்ரிடோமா என்ற கலப்பின செல்லில் எடுத்த மோனோகுளோனலும் (ஒரே வகை ஆன்டிபாடி), மரபணு வரிசையிலிருந்து உருவாக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடியும். ரீகாம்பினன்ட்டில் வரிசை நிலையானது, தொகுதிக்குத் தொகுதி மாறுவது குறைவு. ஆன்டிபாடியின் வாலான எஃப்சி பகுதியில் மாற்றம் செய்து, எஃப்சி ஏற்பிகளில் ஒட்டாதபடி ஆக்கிய வகைகளும் கிடைக்கின்றன. சிசிஆர்7-க்கான ஆர்இஏ546 அந்த வகை. எஃப்சி ஏற்பிகள் நிறைந்த மோனோசைட்டுகளிலும் டென்ட்ரைட்டிக் செல்களிலும் அளக்கப் போகிறவர்களுக்கு இது உண்மையான லாபம். டி செல்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவ்வளவு வேறுபாடு தெரியாது. அவர்கள் பழைய எலி குளோனை விட்டு மாறக் காரணம் வேண்டுமென்றால் அது பல ஆண்டுகள் நீளும் ஆய்வில் தொகுதி வேறுபாட்டைத் தவிர்ப்பதாக இருக்கட்டும்.

ஆன்டிபாடியே இல்லாத வழியும் உண்டு: ஏற்பியின் லிகண்டையே, அதாவது அது பிடிக்கும் கீமோகைனையே, கருவியாக்குவது. எலியின் சிசிஆர்7-ஐக் காண சிசிஎல்19-உடன் மனித ஐஜிஜி எஃப்சி வாலை ஒட்டிய புரதம் நீண்ட காலமாகப் பயன்படுகிறது. இதில் தெரிவது லிகண்டைப் பிடிக்கும் நிலையில் உள்ள ஏற்பி. அதாவது வேலை செய்யக்கூடியது. ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. லிகண்ட் ஒட்டினால் ஏற்பி உள்ளே போய்விடும், ஆகவே பனிக்கட்டியில்தான் செய்ய வேண்டும். பிறகு மனித எஃப்சிக்கு எதிரான இரண்டாம் ஆன்டிபாடி, அதன்பின் தடுப்பு, அதன்பின்தான் மற்ற குறிகள் என்று படிகள் நீளும். தனித்தன்மையும் லிகண்டுக்கு லிகண்ட் வேறு. சிசிஎல்20 சிசிஆர்6-ஐயும், சிஎக்ஸ்3சிஎல்1 சிஎக்ஸ்3சிஆர்1-ஐயும் மட்டும் தேடிப் போகும். சிசிஎல்5 சிசிஆர்1, சிசிஆர்3, சிசிஆர்5 மூன்றிலும் ஒட்டும். சிசிஎல்19, கீமோகைனைப் பிடித்து அகற்றும் ஏசிகேஆர்4 என்ற பொறி ஏற்பியிலும் ஒட்டும். அன்றாட அளவீட்டுக்கு ஆன்டிபாடி, அது சொல்வதில் சந்தேகம் வந்தால் லிகண்ட் என்று வைத்துக்கொள்வதே சரி.

குளோன் குளோனாக

சிசிஆர்7-க்கு மனிதச் செல்களில் அதிகம் புழங்குபவை ஜி043எச்7, 150503, 3டி12. முதல் இரண்டும் ஐஜிஜி2ஏ என்ற வகையைச் சேர்ந்த எலி ஆன்டிபாடிகள். மூன்றாவது ராட் என்ற பெரிய எலியின் ஐஜிஜி2ஏ. 37 டிகிரியில் முன்னதாகச் சேர்க்க முடியுமென்றால் ஜி043எச்7-தான் எங்கள் முதல் தேர்வு. ரீசஸ் குரங்குச் செல்களிலும் 150503, ஜி043எச்7 இரண்டும் ஒட்டுவதால் குரங்கு மாதிரிகளும் மனித மாதிரிகளும் ஒரே ஆய்வில் வந்தால் இவற்றுக்குள் தேர்ந்தால் போதும். 3டி12-க்கு வேறொரு வசதி உண்டு: சாயமில்லாத ஆன்டிபாடியைப் போட்டு இரண்டாம் ஆன்டிபாடியால் காண வேண்டியிருந்தால், மற்ற எல்லா எலி ஆன்டிபாடிகளிலிருந்தும் இதைப் பிரித்தறிய முடியும். எலிச் செல்களுக்கு 4பி12. பனிக்கட்டியில் இதைப் போட்டு ஏமாந்தவர்களின் எண்ணிக்கை கொஞ்சமல்ல. 37 டிகிரியில் அரை மணி நேரம் கொடுத்தால்தான் ஆள் தெரியும்.

சிஎக்ஸ்சிஆர்4-இல் தேர்வு முற்றிலும் வேறு காரணத்தால் நடக்கிறது. 12ஜி5 ஒட்டுவது இரண்டாம் வெளிவளையத்தை ஒட்டிய பகுதியில். லிகண்டும், இந்த ஏற்பியை அடைக்கும் பிளெரிக்ஸாஃபோர் மருந்தும் பிடிக்கும் இடத்துக்கு மிக அருகில். 1டி9 ஒட்டுவது அமினோ முனையில். பிளெரிக்ஸாஃபோர் கொடுத்த ஒருவரின் செல்களில் 12ஜி5 போட்டால் ஏற்பி காணாமல் போனதுபோல் தெரியும். போனது ஏற்பி அல்ல, ஆன்டிபாடியின் இடம். 2024-இல் விம் என்ற பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டு நோய்க்கு அனுமதி பெற்ற மேவோரிக்ஸாஃபோர் எடுப்பவர்களிடமும் இதே கவனம் தேவை. மொத்த ஏற்பி வேண்டுமென்றால் 1டி9, மருந்து எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க 12ஜி5, இரண்டையும் தனித்தனிக் குழாய்களில் போட்டு விகிதம் எடுத்தால் இரண்டு கேள்விக்கும் விடை. மருந்து இல்லாத ஆரோக்கியமான செல்களில் 12ஜி5 போதும். ஆனால் சிஎக்ஸ்சிஆர்4 ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. செல் வகைக்கு ஏற்ப மடிப்பு மாறுவதால் ஒரு குளோனின் அளவை இன்னொரு குளோனின் அளவோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. இரு ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு எண்களை வெளியிட்டு வாதாடுவதில் பாதிக்கு இதுவே வேர்.

சிசிஆர்5-இலும் இதே பிரிவு. 2டி7 இரண்டாம் வெளிவளையத்தில், 3ஏ9 அமினோ முனையில். ஜே418எஃப்1 என்ற ராட் குளோனும் பரவலாக உள்ளது. மரவிரோக் போன்ற சிறு மூலக்கூறு எச்ஐவி மருந்து சவ்வுக்குள் இருக்கும் குழியில் அமர்ந்துகொண்டு வெளிவளையங்களின் வடிவத்தை மாற்றுகிறது. வளையத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியின் ஒளி அதனால் குறையலாம். அமினோ முனையைப் பிடிப்பது அவ்வளவு பாதிக்கப்படாது. எச்ஐவி ஆய்வுகளில் 2டி7-க்கு நீண்ட வரலாறு இருப்பதால் பழைய தரவோடு ஒப்பிட வேண்டியவர்கள் அதிலேயே இருக்கலாம். சிசிஆர்5-க்கு இயற்கையே ஓர் எதிர்மறைக் கட்டுப்பாடு தந்திருக்கிறது: டெல்டா32 என்ற 32 கார இணை நீக்கம் ஜீனின் இரு பிரதியிலும் உள்ளவர்களின் செல்களில் மேற்பரப்பு ஏற்பி இராது. அப்படிப்பட்ட செல்கள் கிடைத்தால் ஒரு குளோனின் உண்மைத்தன்மையை அரை நாளில் தீர்த்துவிடலாம்.

சிசிஆர்4-க்கு எல்291எச்4, 1ஜி1, 205410. இங்கே எச்சரிக்கை மோகமுலிசுமாப் மருந்தைப் பற்றியது. ஏற்பியின் அமினோ முனையைப் பிடிக்கும் சிகிச்சை ஆன்டிபாடி இது. 2012-இல் ஜப்பானில் முதல் அனுமதி பெற்றது. மருந்து ஏறிய பிறகு சிசிஆர்4 உள்ள செல்கள் குறைந்தால், செல்கள் அழிந்தனவா, மருந்தே ஆன்டிபாடியின் இடத்தை மறைத்துவிட்டதா என்பது தெரியாது. சோதனை எளிது. ஆரோக்கியமான செல்களில் மருந்தை அரை மணி நேரம் விட்டுக் கழுவி, உங்கள் குளோனைப் போட்டுப் பாருங்கள். ஒளி குறைந்தால் அந்தக் குளோன் இந்த வேலைக்கு ஆகாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சிஎக்ஸ்சிஆர்5-க்கு ஜே252டி4, ஆர்எஃப்8பி2, எம்யு5யுபிஇஇ மூன்றும் பி செல்களில் பளிச்சென்று தெரியும். சிக்கல் ரத்தத்தில் சுற்றும் டிஎஃப்எச் செல்களில்தான் (பி செல்களுக்கு உதவும் டி செல்கள்), அங்கே ஒளி மங்கல். சிஎக்ஸ்சிஆர்3-க்கு ஜி025எச்7 அல்லது 1சி6. சிசிஆர்6-க்கு ஜி034இ3 அல்லது 11ஏ9. இது அவ்வளவு அடம்பிடிக்காத ஏற்பி. சிசிஆர்2-க்குக் கே036சி2 அல்லது 48607. வழக்கமான மோனோசைட்டுகளில் அளவு அதிகம், அறை வெப்பநிலையே போதும். சிஎக்ஸ்3சிஆர்1-க்கு 2ஏ9-1. சிசிஆர்8, சிசிஆர்9, சிசிஆர்10 மூன்றும் ரத்தத்தில் அரிதானவை. சரியான திசு கையில் இல்லாமல் இவற்றின் குளோன்களை மதிப்பிடவே முயல வேண்டாம். எலியில் சிஎக்ஸ்சிஆர்5-க்கு 2ஜி8 மூன்று படிகளில் பயோட்டின் வழியாகப் பெருக்கினால் நன்றாக வரும், எல்138டி7 நேரடிச் சாயத்தோடு வேலையைச் சுருக்கும். முதலில் இரண்டாவதைப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் முதலாவதற்குப் போங்கள்.

37 டிகிரியா, அறை வெப்பநிலையா, பனிக்கட்டியா

கீமோகைன் ஏற்பிகள் மேற்பரப்பில் நிலையாக நிற்பவை அல்ல. உள்ளே போய் மீண்டும் வெளியே வந்துகொண்டே இருக்கும். பனிக்கட்டியில் இந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் வெளியே இருந்ததை மட்டும் ஆன்டிபாடி பிடிக்கும், பிடிக்கும் வேகமும் குறைவு. 37 டிகிரியில் வெளியே வரும் ஒவ்வொன்றையும் அது பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் ஏற்பி உள்ளே போனாலும் சாயம் செல்லோடுதான் இருக்கும், சைட்டோமீட்டர் எண்ணிவிடும். ஆக இரண்டு வெப்பநிலைகளும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. எந்தச் செல்லில் ஏற்பி இருக்கிறது என்பது கேள்வியானால் 37 டிகிரி. ஒரு குறிப்பிட்ட கணத்தில் மேற்பரப்பில் எவ்வளவு இருந்தது, லிகண்ட் கொடுத்தபின் எவ்வளவு உள்ளே போனது என்பது கேள்வியானால் பனிக்கட்டி. இரண்டாம் வகைச் சோதனையை 37 டிகிரியில் செய்தால் அளக்க வந்ததையே அழித்துவிடுவீர்கள்.

செல் வகைகளைப் பிரிப்பதுதான் நோக்கம் என்றால் பின்வரும் வரிசை ஒத்துவரும். 10 லட்சம் செல்களைப் புரதம் கலக்காத பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, இறந்த செல் சாயத்தை முதலில் கொடுங்கள். புரதம் இருந்தால் அமீனோடு வினைபுரியும் அந்தச் சாயம் அதிலேயே வீணாகும். பிறகு 2 சதவீத சீரமும் 2 மில்லிமோலார் இடிடிஏவும் கலந்த பிபிஎஸ்ஸில் கழுவி 50 மைக்ரோலிட்டருக்குக் கொண்டுவாருங்கள். எஃப்சி தடுப்பான் 10 நிமிடம். அடுத்து கீமோகைன் ஏற்பி ஆன்டிபாடிகள் எல்லாவற்றையும் ஒரே கலவையாகச் சேர்த்து 37 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். அதன் மேலேயே, கழுவாமல், மற்ற குறிகளின் கலவையைச் சேர்த்து அறை வெப்பநிலையில் 20 நிமிடம் இருட்டில். 2 மில்லிலிட்டர் கரைசலில் இரண்டு முறை கழுவி முடியுங்கள்.

இதில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, குழாயை இன்குபேட்டரில் வைப்பது. காற்று வழியாகச் சூடு ஏறுவது மெதுவாக நடக்கும். 15 நிமிடத்தில் பாதி நேரம் குழாய் சூடாவதற்கே போய்விடும். நீர்க் குளியல் அல்லது உலோகத் துளைத் தட்டு நல்லது. இரண்டாவது, கரைசலில் சோடியம் அசைடு. அது செல்லின் ஆற்றலை அடைத்துச் சுழற்சியை நிறுத்திவிடும். 37 டிகிரிக்குப் போனதன் பயனில் பாதி அங்கேயே தொலைகிறது. மூன்றாவது, எஃப்எம்ஓ குழாயை, அதாவது ஒரு சாயம் மட்டும் விடுபட்ட குழாயை, அறை வெப்பநிலையில் வைத்துவிட்டு மாதிரியை 37 டிகிரியில் வைப்பது. மோனோசைட்டுகள் சூட்டில் எதையும் விழுங்கும். கட்டுப்பாடும் மாதிரியும் ஒரே சூட்டைப் பார்க்காவிட்டால் கோடு எங்கே போடுவது என்பதற்கு ஆதாரமே இல்லை.

எல்லா ஏற்பிக்கும் 37 டிகிரி அவசியமா? இல்லை. சிசிஆர்7-க்குக் கிட்டத்தட்டக் கட்டாயம். சிஎக்ஸ்சிஆர்3, சிஎக்ஸ்சிஆர்5, சிசிஆர்4 மூன்றுக்கும் பயன் தெரியும். சிசிஆர்6, சிசிஆர்2, சிஎக்ஸ்3சிஆர்1 அறை வெப்பநிலையிலும் பிரியும். ஆனால் ஒரே குழுவில் இவை கலந்து வரும்போது ஒவ்வொன்றுக்கும் தனிப் படி வைப்பது தேவையில்லாத சிரமம். எல்லாவற்றையும் 37-இல் போட்டுவிடலாம்.

சாயத்தை எதற்குக் கொடுப்பது

சிசிஆர்5 போன்ற ஏற்பி ஒரு செல்லில் சில ஆயிரம் மட்டுமே இருக்கலாம். பளிச்சென்ற சாயங்களை இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, சிடி4, சிடி8, சிடி45 ஆகியவற்றை மங்கலான சாயங்களுக்குத் தள்ளுவதுதான் அடிப்படை விதி. ஏற்கெனவே அலமாரியில் பிஇ சாயத்தில் சிடி4 இருக்கிறது என்பதற்காக அதையே போட்டுவிட்டு, சிசிஆர்7-ஐ மங்கலான எஃப்ஐடிசியில் வாங்குபவர்கள் பணத்தை மிச்சப்படுத்தவில்லை.

ஒரே ஒரு ஏற்பி என்றால் பளிச்சென்ற பிஇ சாயம். அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு என்றால் பிஇ, பிவி421. மூன்றாவதற்கு ஏபிசி அல்லது பிபி515. நான்காவது வரும்போதுதான் தலைவலி தொடங்குகிறது, ஏனென்றால் மிச்சமிருக்கும் பளிச்சென்றவை பெரும்பாலும் டேன்டம் சாயங்கள், அதாவது ஒன்று மற்றதற்கு ஆற்றலைக் கைமாற்றும்படி இணைத்த இரட்டைச் சாயங்கள்: பிஇ-சிஒய்7, பிவி605, பிவி711, பிவி785. உயிருள்ள செல்லோடு சூட்டில் இருக்கும்போது டேன்டம் சாயம் உடையும். குளிரும் அசைடும் அதைத் தடுக்கும். ஆனால் இந்த இரண்டையும்தான் 37 டிகிரி முறையில் நாம் விட்டுவிட்டோம். பிஇ-சிஒய்7 உடைந்தால் பிஇ அலைவரிசையில் பொய் ஒளி தெரியும். அதே அலைவரிசையில் சிசிஆர்7 வைத்திருந்தால் இல்லாத செல்லிலும் சிசிஆர்7 முளைக்கும். ஆகவே 37 டிகிரி படியில் சேர்ப்பவற்றுக்கு டேன்டம் அல்லாத சாயம், பின்னால் அறை வெப்பநிலையில் சேர்ப்பவற்றுக்கு டேன்டம். தவிர்க்க முடியாமல் ஒரு டேன்டத்தை முதல் படியில் போட நேர்ந்தால் நேரத்தை 15 நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், கலவையை வெளிச்சத்தில் வைக்கவும் வேண்டாம்.

பிவி குடும்பச் சாயங்கள் ஒன்றுக்கு மேற்பட்டு ஒரே கலவையில் வந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் மூலைவிட்டமாக ஒரு கோடு இழுத்ததுபோல் தெரியும். அதற்கென்று விற்கும் பிரில்லியன்ட் கரைசலை முதல் கலவையிலேயே சேர்க்க வேண்டும், பிறகு சேர்த்தால் பயனில்லை. சிஒய்5, சிஒய்7 உள்ள டேன்டம்கள் மோனோசைட்டுகளில் சும்மாவே ஒட்டும் குணமுடையவை. எஃப்சி தடுப்பானால் இது நிற்காது, தனி மோனோசைட் தடுப்பான் தேவை. மோனோசைட்டில் சிசிஆர்2 அல்லது சிசிஆர்5 அளப்பவர்கள் இந்தச் சாயங்களைத் தவிர்ப்பதே எளிது.

மங்கலான ஏற்பிக்குப் பளிச்சென்ற சாயம் கொடுத்தால் மட்டும் போதாது; அந்த அலைவரிசைக்குள் யாருடைய ஒளி கசிகிறது என்பதும் பார்க்க வேண்டும். பிவி605-இல் சிடி45ஆர்ஓ பளிச்சென்று எரிந்தால், அதே செல்லில் பிஇயில் இருக்கும் ஏற்பியின் அடித்தளம் விரிந்துபோகும். ஈடுசெய்தல் (கசிந்த ஒளியைக் கணக்கிட்டுக் கழிப்பது) சராசரியைத்தான் சரிசெய்யும், விரிவைக் குறைக்காது. எந்த இரண்டு குறிகள் ஒரே செல்லில் சேர்ந்து வருமோ அவற்றைக் கசியாத இடங்களில் வைக்க வேண்டும். ஒரே செல்லில் சேராதவை கசிந்தாலும் பாதகமில்லை.

பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடியை, அதைப் பிடிக்கும் சாயமேற்றிய ஸ்ட்ரெப்டாவிடினால் காணும் பெருக்கம் இன்னும் செத்துப்போன முறை அல்ல. நேரடிச் சாயத்தில் எதுவும் தெரியாத ஏற்பிக்கு இது கடைசி ஆயுதம். ஆர்பிஎம்ஐ என்ற செல் வளர்ப்பு ஊடகத்தில் பயோட்டின் கலந்திருக்கிறது என்பதை மறந்து அதிலேயே ஸ்ட்ரெப்டாவிடினைக் கலக்கினால் மட்டும் ஆயுதம் மழுங்கும்.

செல்கள் எங்கிருந்து வந்தன

முழு ரத்தத்தில் நேரடியாகச் சாயமேற்றுவது இந்த ஏற்பிகளுக்கு மிக நேர்மையான வழி. சிவப்பணுக்களை உடைக்க அம்மோனியம் குளோரைடு பயன்படுத்துங்கள், அதையும் சாயமேற்றிய பிறகு. ஃபார்மால்டிஹைடு கலந்த உடைக்கும் கரைசலை முதலில் போட்டுவிட்டால் வளையங்களின் வடிவம் குலைந்து பல குளோன்கள் ஒட்டாது. சாயமேற்றிய பின் 1 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்துவதில் தவறில்லை. டேன்டம் இருந்தால் அன்றே ஓட்டிவிடுவது நல்லது. உறைவுத் தடுப்பானில் இடிடிஏ, ஹெப்பாரின் இரண்டும் பயன்படுகின்றன. ஹெப்பாரினோடு கீமோகைன்கள் ஒட்டும் என்பதால் ஆய்வின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவக் கூடாது. ரத்தம் சற்றே கட்டிதட்டியிருந்தாலும் தட்டணுக்கள் சிசிஎல்5-ஐக் கொட்டியிருக்கும். சிசிஆர்5 உள்ளே போயிருக்கும். அந்தக் குழாயை ஒதுக்கிவிடுவதே மேல்.

அடர்த்திப் பிரிப்பு, உறையவைத்தல், உருக்குதல் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உறைந்து உருகிய செல்களைக் கழுவியதும் சாயமேற்றாமல் ஊடகத்தில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் ஏற்பிகள் ஓரளவு மேலே வரும். இரவு முழுவதும் ஓய்வு கொடுத்தால் சிஎக்ஸ்சிஆர்4 தேவைக்கு மேல் ஏறிவிடும். அது அந்த ஆளின் ரத்தத்தில் இருந்த அளவல்ல. ஒரே ஆய்வில் சில மாதிரிகள் புதியவை, சில உறைந்தவை என்றால் எந்தக் குளோனாலும் அந்த வேறுபாட்டை மறைக்க முடியாது.

திசுவிலிருந்து நொதியால் பிரித்த செல்களில் நிலைமை இன்னும் மோசம். அமினோ முனை வெளியே தொங்கும் நூல். டிரிப்சினோ தூய்மையற்ற கொலாஜினேஸோ முதலில் வெட்டுவது அதைத்தான். எந்த ஏற்பி தப்பும் என்று ஊகிக்க வேண்டாம். ரத்தச் செல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உங்கள் நொதிக் கலவையில் அதே நேரம், அதே சூட்டில் வைத்து, இரண்டிலும் சாயமேற்றிப் பாருங்கள். ஒளி குறையும் ஏற்பிக்கு வெளிவளையத்தைப் பிடிக்கும் குளோனை முயலலாம். அதுவும் குறைந்தால் நொதியை மாற்ற வேண்டும்.

தேர்ந்ததைச் சோதிப்பது

டைட்ரேஷனை, அதாவது ஆன்டிபாடியின் சரியான அளவைக் கண்டறிவதை, தயாரிப்பாளர் சொன்ன அளவில் விட்டுவிட முடியாது, ஏனென்றால் அவர் அளந்த வெப்பநிலை உங்களுடையதாக இராது. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து மொத்தம் 8 படிகள் வைத்தால் ஏறத்தாழ 0.08 வரை போகும். செல் எண்ணிக்கை, கன அளவு, சூடு, நேரம் நான்கும் உண்மையான சோதனையில் இருக்கப்போவதுபோலவே இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் சாயமேற்றக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்: நேர்மறை இடைநிலையிலிருந்து எதிர்மறை இடைநிலையைக் கழித்து, எதிர்மறையின் திட்ட விலக்கைப் போல் இரு மடங்கால் வகுத்தால் வருவது அது. உச்சத்தைத் தொடும் அளவை எடுங்கள். அதற்கு மேல் போனால் அடித்தளம் மட்டுமே ஏறும்.

ரத்தத்திலேயே உள்ளுக்குள் இருக்கும் சாட்சிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிசிஆர்7-க்கு நைவ் (இன்னும் எதிரியைச் சந்திக்காத) டி செல்கள் நேர்மறை, சிடி45ஆர்ஏ உள்ள முதிர்ந்த சிடி8 எஃபெக்டர் செல்கள் எதிர்மறை. சிஎக்ஸ்சிஆர்5-க்கு பி செல்கள். சிசிஆர்2-க்கு சிடி14 மோனோசைட்டுகள். சிஎக்ஸ்3சிஆர்1-க்கு சிடி16 உள்ள மோனோசைட்டுகளும் சிடி56 மங்கலான என்கே செல்களும். சிசிஆர்5 நைவ் டி செல்லில் எரிந்தால் குளோனையோ சூட்டையோ அல்ல, முதலில் ஈடுசெய்தலைச் சந்தேகியுங்கள். ஐசோடைப் கட்டுப்பாட்டை (எந்தக் குறியையும் பிடிக்காத அதே வகை ஆன்டிபாடி) வைத்து நேர்மறைக் கோடு போடுவதை விட்டுவிடலாம். அதன் சாய ஏற்ற விகிதம் உங்கள் ஆன்டிபாடியோடு பொருந்துவதில்லை.

இன்னும் உறுதியான சோதனை லிகண்ட்தான். செல்களுக்கு 37 டிகிரியில் அரை மணி நேரம் 100 நானோமோலார் லிகண்ட் கொடுத்து, பனிக்கட்டியில் சாயமேற்றினால் ஒளி குறைய வேண்டும். சிசிஆர்7-க்கு சிசிஎல்19-ஐ எடுங்கள். சிசிஎல்21 அதே ஏற்பியில் ஒட்டினாலும் அதை அவ்வளவாக உள்ளே இழுப்பதில்லை. சிஎக்ஸ்சிஆர்3-க்கு சிஎக்ஸ்சிஎல்11, சிஎக்ஸ்சிஆர்4-க்கு சிஎக்ஸ்சிஎல்12. 12ஜி5 போன்ற குளோனில் மட்டும் ஒரு நுணுக்கம்: லிகண்ட் இடத்தை மறைத்ததால் ஒளி குறைந்ததா, ஏற்பி உள்ளே போனதால் குறைந்ததா என்று தெரியாது. ஆகவே லிகண்டையே பனிக்கட்டியில் கொடுத்த மூன்றாம் குழாய் வேண்டும்.

இவ்வளவும் மிகை என்று நினைப்பவர்கள் சிஎக்ஸ்சிஆர்7-இன் கதையைப் பார்க்கலாம். ரத்த வெள்ளணுக்களில் அந்த ஏற்பி இருக்கிறதா இல்லையா என்பதில் வெளியான ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2010-இல் பல ஆன்டிபாடிகள், லிகண்ட் பிணைப்புப் போட்டிச் சோதனை, அந்த ஜீன் நீக்கப்பட்ட எலிகள் மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தபோது, மனித ரத்தத்தின் டி செல்கள், பி செல்கள், என்கே செல்கள், மோனோசைட்டுகள் எதிலும் அந்தப் புரதம் இல்லை என்று தெரிந்தது.

புதிய தொகுதி வந்ததும் பழையது தீரும் முன் இரண்டையும் ஒரே ரத்தத்தில், ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி இடைநிலையைக் குறித்துவையுங்கள். பிஇ, ஏபிசி ஒட்டிய ஆன்டிபாடியை நீண்ட நாள் வரட்டும் என்று உறையவைக்க வேண்டாம். 2 முதல் 8 டிகிரியில், இருட்டில் இருக்கட்டும்.